முனைராயர் வீட்டு மாப்பிள்ளை

மைக் ஆனில் இருப்பதைப் பார்க்காமலே தரகர் வேதகிரி வாயைத் திறந்துவிட்டார்.

"தேவராஜா! சொல்ட்டேன்டா! நீ முனைராயர் வம்சம்னு அந்த மிலிட்டரிக்காரன்கிட்ட சொல்ட்டேன்! கெயவன் அப்பிடியே ஆடிப்பூட்டான்!"

கடை வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த இரண்டு ஹாரன்களும் இதை வாங்கி உத்திரமேரூர் பஜார் முழுவதற்கும் பங்கு போட்டுக் கொடுத்தன. செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெல் மண்டியில் தராசு பிடித்தவன் கை அந்தரத்தில் நின்றது. எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா வம்சம்?"

தேவராஜன் பாய்ந்து வந்து ஸ்விட்சை அணைத்தான். ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் இன்றைக்குப் பார்த்துத்தானா கணீரென்று வேலை செய்ய வேண்டும்?

"அண்ணே, என் குடியைக் கெடுத்துட்டியே!"

"கெடுத்தேனா? உனக்குக் குடித்தனம் அமைச்சுக் குடுத்துட்டு வந்து கீறேன் நைனா! தண்ணி குடு மொதல்ல."

தேவராஜனுக்கு இருபத்து நாலு வயது. அப்பா, தாத்தா எல்லோரும் பட்டு நெய்தவர்கள். இவன் மட்டும் தறியை விட்டு இறங்கி, 'தேவராஜ் சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு மாட்டி, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் கெட்டிமேளம் போட்டவனுக்குத் தன் கெட்டிமேளம் மட்டும் அமையவில்லை. காரணம் இந்திராணி.

இந்திராணி தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். தினமும் ஐயங்கார்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்தில் மட்டும் தேவராஜன் கடை ரேடியோவின் சத்தம் குறையும். அதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். "மத்தவங்க நம்மளைப் பார்த்தா சத்தத்தை ஏத்துவாங்க. நீங்க இறக்கறீங்களே" என்று ஒருநாள் கேட்டாள். அதோடு எல்லாம் முடிந்துபோயிற்று. அதாவது, ஆரம்பித்துவிட்டது.

இந்திராணியின் அப்பா நமச்சிவாயம், ரிட்டையர்டு சுபேதார். பட்டாளத்தில் இருபத்தெட்டு வருஷம். வந்த வரன்களையெல்லாம் அவர் வாசலிலேயே வைத்துச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்து பேங்க் கிளார்க் ஒருவன் வந்தான்.

"பேரு?"

"ஆர். இராமச்சந்திரன் சார்."

"ஆர்னா?"

"அப்பா பேரு சார்."

"அதுக்கு மேல?"

"அவ்ளோதான் சார்."

"அவ்ளோதானா? டிஸ்மிஸ்!"

அடுத்த வாரம் ஒரு வாத்தியார். அவருக்கும் இதே துப்பாக்கி, இதே குண்டு.

"எங்கப்பாவுக்கு வேண்டியது மாப்பிள்ளை இல்லீங்க" என்று பஸ் ஸ்டாண்டில் இந்திராணி விளக்கினாள். "மாப்பிள்ளைக்குப் பின்னாடி ஒரு பேரு."

"என் பேருக்கு இன்னா கொறைச்சல்?"

"தேவராஜனுக்கு அப்புறம் இன்னா?"

"அப்புறம் சவுண்ட் சர்வீஸ்."

இந்திராணி சிரிக்கவில்லை. "பட்டாளத்துல எல்லாருக்கும் பின்னாடி ஒரு பேரு கீதாம். ராணா, சவுகான், ரத்தோர்னு. அவங்க நடுவுல இருந்துட்டு வந்தவரு. சரித்திரத்துலயே அவரு மதிக்கிறது ஒரே ஒரு குடும்பம், முனைராயர். சின்னப் பொண்ணுல எனக்குச் சோறு ஊட்டச்சொல்லோ எல்லாம் அந்தக் கதைதான்."

கதைகளையும் சொன்னாள். சோழர் காலத்தில் ஒரு முனைராயர், தளபதி. வெள்ளம் புரண்ட ஆற்றை, பல்லில் புலிக்கொடியைக் கடித்துக்கொண்டு, கோவேறு கழுதையின் வாலைப் பிடித்தபடி கடந்தவர். விஜயநகரத்தில் ஒரு முனைராயர், மந்திரி. "படைக்குச் சப்பாத்தி வெந்தாத்தான் சண்டை" என்று ராஜாவிடமே அடித்துச் சொன்னவர். ஆற்காட்டில் ஒரு முனைராயர், கோட்டைக் காவல். பர்மா யுத்தத்தில் ஒரு முனைராயர். எல்லோரிடமும் ஒரு கோவேறு கழுதை. அதற்கு இடது காது பாதிதான் இருக்கும்.

"சோழர் காலத்துலேர்ந்து பர்மா வரைக்கும் அதே கய்தையா?"

"அதோட வம்சமா இருக்கும்."

"கோவேறு கய்தைக்கு ஏதுங்க வம்சம்? அது குட்டியே போடாதே!"

"இதையெல்லாம் எங்கப்பாகிட்ட கேட்டுடாதீங்க."

"சரி, அந்த முனைராயர் வூட்டு ஆளுங்க இப்ப யாரும் இல்லியா?"

"யாரும் இருக்கறதாத் தெரியல."

யாரும் இல்லை என்றால் சண்டைக்கு வரவும் யாரும் இல்லை. தேவராஜன் நேராக வேதகிரியிடம் போனான். அதன் பலன்தான் இப்போது அவன் கடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"முனைராயர்னு சொன்னேன் பாரு" என்று வேதகிரி வாயைத் துடைத்தார். "மூணு தபா கேட்டான். இன்னா பேரு சொன்னே, இன்னா பேரு சொன்னேன்னு. கையில கீற டம்ளரு டமால்னு வுயுந்துச்சு. கட்டபொம்மன் மாதிரி குந்திக்கினு இருந்த ஆளு எழுந்து நின்னுட்டான். அந்தம்மா இன்னாவோ சொல்ல வாயெடுத்துச்சு. 'பார்வதி, சைலன்ஸ்!'ன்னான். ஞாயித்துக்கெயமை உன் வூட்டுக்கு வரான்."

ஞாயிற்றுக்கிழமை சுபேதார் நமச்சிவாயம் வந்தார். மீசை, கஞ்சி போட்ட சட்டை, பாலீஷ் போட்ட பூட்ஸ். பின்னால் மனைவி பார்வதி, கையில் காபி ஃபிளாஸ்குடன். வெளி வீட்டில் காபி சாப்பிடும் வழக்கம் அவருக்கு இல்லையாம்.

கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு தறி நின்றது. சுபேதார் அதைப் பார்த்தார்.

"இது?"

"யுத்தம் இல்லாத காலத்துல..." என்று தேவராஜன் இழுத்தான்.

"புரியுது. பீஸ் டைம் டூட்டி." சுபேதார் தலையாட்டிவிட்டு, தேவராஜனின் அம்மா சாரதாவிடம் திரும்பினார். "உங்க மாமனாரு எந்த யுத்தத்துல இருந்தாரு?"

சாரதாவுக்குப் பொய் வராது. அதனால்தான் வாயே திறக்கக் கூடாது என்று காலையிலிருந்து மகன் கெஞ்சியிருந்தான். ஆனாலும் சம்பந்தி கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா?

"அவரு எங்க யுத்தத்துக்குப் போனாரு? இருந்த யுத்தமெல்லாம் எங்க மாமியாரோடதான்."

தேவராஜன் கண்ணை மூடிக்கொண்டான். சுபேதார் கடகடவென்று சிரித்தார்.

"என்ன அடக்கம்! பெரிய வம்சம்னா இப்பிடித்தான்!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஆத்தைக் கடந்த முனைராயரு... அந்தக் கதை உங்க வூட்ல எப்பிடிச் சொல்வாங்க?"

தேவராஜன் மனப்பாடமாக ஒப்பித்தான். வெள்ளம், கொடி, பல், வால். சுபேதார் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கய்தை... அதுக்கு ஏதாவது அடையாளம் சொல்வாங்களா?"

"இடது காது பாதிதான் சார் இருக்கும்."

சுபேதார் எழுந்தார். ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"இது வெளியாளுக்கு யாருக்குமே தெரியாது" என்றார். "யாருக்குமே."

"ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன்..." என்று பார்வதி ஆரம்பித்தாள்.

"பார்வதி, சைலன்ஸ்! தம்பி, வாளு எங்க?"

"எந்த... வாளு சார்?"

"முனைராயர் வூட்ல வாளு இல்லாம இருக்குமா?"

இருக்காதுதான். ஆனால் இங்கே காய் நறுக்கும் அரிவாள்மணை மட்டும்தான் இருந்தது. தேவராஜன் சமாளித்தான்.

"பூஜையில கீது சார். ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும்தான் வெளிய எடுப்போம்."

அந்த நாள் நாலைந்து மாதம் தள்ளி இருக்கும் என்று நினைத்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். ஆனால் அப்போது நடந்துகொண்டிருந்ததே புரட்டாசி மாதம்.

"அச்சா! வர்ற செவ்வாய்க்கெயமைதானே? வந்துடறேன்" என்றார் சுபேதார்.

தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டும் சின்னப்பையன் என்பவரிடம் மட்டும்தான் அந்த ஊரில் வாள் இருந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து ஜிகினாத்தாள் ஒட்டிய வாள். "ராத்திரி கூத்து கீது, அதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்" என்ற நிபந்தனையோடு கொடுத்தார்.

ஆயுத பூஜை. ஆம்ப்ளிஃபயருக்குச் சந்தனம், ஹாரனுக்கு மாலை, இரண்டுக்கும் நடுவில் வாள். பொரிகடலை நைவேத்தியம். சுபேதார் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து வாளுக்கு எதிரில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். யாரும் தொடக் கூடாது என்று தேவராஜன் முதலிலேயே சொல்லி வைத்திருக்கலாம். அது தோன்றுவதற்குள் சுபேதார் வாளை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். தூக்கியவர் முகம் மாறியது.

"இன்னா, இவ்ளோ லேசா கீது?"

அவர் உள்ளங்கையில் ஜிகினா மினுமினுத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னப்பையன் வந்தார். "தேவராஜா, என் கத்தி எங்கடா? வண்டி வந்து நிக்குது!"

சுபேதார் திரும்பினார். "இவரு யாரு?"

"இவரு..." தேவராஜன் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். "எங்க வம்சத்துக்கு வாள் ஏந்தறவங்க சார். பரம்பரையா."

சின்னப்பையன் ஒரே நொடியில் புரிந்துகொண்டார். முப்பது வருஷம் மேடை ஏறிய உடம்பு. நெஞ்சு தானாக நிமிர்ந்தது. சுபேதார் அவருக்கும் ஒரு சல்யூட் வைத்தார்.

"அப்ப இது?" என்று ஜிகினாக் கையை நீட்டினார்.

"இது மாதிரிக்குச் செஞ்சது சார், பூஜைக்கு" என்றான் தேவராஜன். "அசல் வாளு ஏரியில கீது. வெள்ளைக்காரன் புடுங்க வந்தப்ப எங்க கொள்ளுத்தாத்தா, உனக்குக் குடுக்கறதைவிட ஏரிக்கே குடுத்துடறேன்னு வீசிட்டாரு."

இதோடு முடிந்திருக்கும். இவ்வளவு பெரிய ஏரியில் யார் போய்த் தேடப்போகிறார்கள்? ஆனால் ஒரு வசனம் கிடைத்தால் சின்னப்பையன் சும்மா இருப்பாரா? கையை மேலே தூக்கி, கூத்துக் குரலில் எடுத்து விட்டார்.

"வடக்கு மதகாண்ட! பெரிய புளியமரத்துக்கு நேரா! வெட்டுப்பட்ட மின்னல் மாதிரி வுயுந்துச்சய்யா அந்த வாளு!"

சுபேதார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "வடக்கு மதகு," என்று முணுமுணுத்தபடி உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். "புளியமரம்."

மறுநாள் காலை உத்திரமேரூர் ஏரியின் வடக்கு மதகுப் பக்கம் ஒரு படையே இறங்கிவிட்டது. சுற்றுவட்டாரத்து எக்ஸ்-சர்வீஸ்மேன் எல்லோருக்கும் ஆர்டர் போயிருந்தது. ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்குக் கண்புரை. ஆனாலும் வரிசை கோணவில்லை. மழைக்கு முந்தைய ஏரி, சேறும் சகதியுமாக இருந்தது. கையில் கடப்பாரை, மண்வெட்டி. கரைமேல் சுபேதார், வாயில் விசில்.

கரையில் ஊர் கூடிவிட்டது. வேர்க்கடலைக்காரி செல்லம்மாள் கூடையோடு வந்து இடம் பிடித்தாள். "இன்னா தோண்டறாங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். "நம்ம மைக் செட்டு தேவராஜன் கீறானில்ல? அவன் ராஜாவாம். புதையல் எடுக்கறாங்க." மீன் குத்தகைக்காரர், என் மீனெல்லாம் கலங்கிப் போச்சு என்று கத்தினார். சுபேதார் அவர் பக்கம் ஒரு விசில் ஊதினார். அவர் அடங்கிப்போனார்.

ஒன்றும் கிடைக்காது, மத்தியானத்துக்குள் களைத்துப் போவார்கள் என்று தேவராஜன் நம்பிக்கொண்டிருந்தான்.

"கிடைச்சிடுச்சி சாப்!"

சேற்றிலிருந்து நீளமாக ஒரு இரும்பு மேலே வந்தது. துருவும் பாசியும் அப்பிக் கருகருவென்று இருந்தது. ஒரு முனை வளைந்திருந்தது. சுபேதார் ஓடிப் போய், இடுப்பளவு சேற்றில் இறங்கி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

தேவராஜனுக்கு அந்த இரும்பைத் தெரியும். நன்றாகவே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் திருவிழாவுக்கு ஏரிக்கரையில் ஹாரன் கட்டியபோது தவறி விழுந்த ஸ்டாண்டின் கால் அது. அதற்காக அன்றைக்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருந்தது.

"டேய், அது நம்ம..." என்று பக்கத்தில் நின்ற சாரதா வாயெடுத்தாள்.

"அம்மா, சைலன்ஸ்!" என்றான் தேவராஜன். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சேறு சொட்டச் சொட்டச் சுபேதார் அவன் எதிரில் வந்து நின்றார்.

"தம்பி! இனிமே எனக்குச் சந்தேகமே இல்லை. வர்ற ஞாயித்துக்கெயமை ஏரிக்கரையில விழா. முனைராயர் வாளுக்கு மரியாதை. பெங்களூர்லேர்ந்து எங்க பழைய கர்னல் சாபைக் கூப்பிடறேன்."

"எதுக்கு சார் கர்னலெல்லாம்..."

"எதுக்கா? சோழர் காலத்துலேர்ந்து தலைமுறைக்கு ஒரு முனைராயர் பட்டாளத்துல கீறாரு. உன் தலைமுறைக்கு யாரு? நீதான்! கர்னல் சாப் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உன்னைச் சேத்துக்குவாங்க. ட்ரெயினிங் முடிச்சிட்டு வா. அப்புறம் காஷ்மீர். அப்புறம் கல்யாணம்."

தேவராஜன் தலைக்குள் ஹாரன் ஊதியது.

அன்று சாயங்காலம் இந்திராணி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"சர்நேம் வந்துடுச்சி. ஆளு போய்டுவாரு போலக் கீதே."

"நான் இன்னா பண்ணட்டும்? பட்டாசு வெடிச்சாலே எனக்குக் கை நடுங்கும். உங்கப்பா என்னைக் காஷ்மீருக்கு அனுப்பறாரு."

"நெசத்தைச் சொல்லிடுங்க."

"சொன்னா டிஸ்மிஸ்."

"சொல்லலைன்னா காஷ்மீர். அங்க இருந்து எனக்கு லெட்டரு போடுவீங்களா? நான் இங்க அதை டைப் அடிச்சிக்கினு உக்காந்திருக்கவா?" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து மறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பந்தல் போட்டாயிற்று. மைக் செட் தேவராஜ் சவுண்ட் சர்வீஸ். இலவசம். மேடை நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் சாரதா நெய்த பட்டுத்துணி, அதன் மேல் ஹாரன் ஸ்டாண்டின் கால். சின்னப்பையன் முழு ராஜா வேஷத்தில், கிரீடமும் புஜகீர்த்தியுமாக அதற்குக் காவல் நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"முனைராயர் வம்சத்துக்கு வீர வணக்கம்" என்று துணியில் எழுதித் தொங்கியது. தேவராஜன் ஒன்றுக்கு இரண்டு தடவை அதைப் படித்துப் பார்த்தான். கூட்டத்தில் இந்திராணி உட்கார்ந்திருந்தாள். இன்னும் மறு பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபேதார் மெடல்களையெல்லாம் மாட்டிக்கொண்டு மேடைக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். தேவராஜன் அவரை ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"மாமா..."

"இன்னும் மாமா இல்லை. ட்ரெயினிங் முடியட்டும்."

"நான் முனைராயர் இல்லை."

சுபேதார் நின்றார்.

தேவராஜன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினான். "நாங்க தறிக்காரங்க. எங்க வம்சத்துல யாரும் சண்டைக்குப் போனதில்லை, நூலு அறுந்தாத்தான் சண்டை. அந்தக் கத்தி சின்னப்பையனோடது. இந்த இரும்பு என் ஹாரன் ஸ்டாண்டு. கதையெல்லாம் இந்திராணி சொன்னது. அந்தப் பொண்ணுமேல வெச்ச ஆசையில பண்ணிட்டேன். முனைராயர்னு இந்த நாட்டுல யாருமே இல்லை மாமா!"

வெடிக்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டான். வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தான்.

சுபேதார் ஸ்பீக்கர் பெட்டி மேல் மெதுவாக உட்கார்ந்துகொண்டிருந்தார். மெடல்கள் ஒன்றோடு ஒன்று மோதிச் சத்தமிட்டன.

"யாருமே இல்லியா?"

"யாரும் இல்லை."

"நல்லா விசாரிச்சியா?"

"விசாரிச்சேன் மாமா."

"சோழர் காலத்துல கூடவா?"

அவர் குரல் ஒரு சிறுவனின் குரல் மாதிரி இருந்தது. திட்டினால்கூடத் தேவராஜன் தாங்கிக்கொண்டிருப்பான்.

"இடது காது கூட சரியாச் சொன்னியேப்பா" என்றார் சுபேதார். "நான் நம்பிட்டேனே."

ஜீப் சத்தம் கேட்டது. விசில் அடித்தார்கள். முட்டிவலி, கண்புரை எல்லாம் அட்டென்ஷனில் நின்றன. சுபேதார் எழுந்தார். முகத்தைத் துடைத்தார். எங்கேயாவது ஓடிப்போகலாமா என்று ஏரிப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேடைக்குப் பின்னால், கூட்டத்துக்குத் தெரியாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

வேதகிரி ஒரு மாலையைக் கொண்டுவந்து தேவராஜன் கையில் திணித்தார். "போடா நைனா, முனைராயரு நீதானே, நீயே போடு!" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

ஜீப்பிலிருந்து இறங்கியவருக்கு ஆறடிக்கு மேல் உயரம். வெள்ளை மீசை, கையில் பிரம்பு. தேவராஜன் மாலையோடு எதிரே போனான். கர்னல் அவனைப் பந்தல்காலைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனார். ஸ்டூலைத் தாண்டினார். கிரீடத்தோடு சல்யூட் அடித்த சின்னப்பையனைத் தாண்டினார். மேடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றவரைத் தேடிப் பிடித்து, இரண்டு கைகளாலும் தோளை உலுக்கினார்.

"அரே, முனைராயர்!"

மேடை மைக் அந்தக் குரலை அப்படியே வாங்கி ஏரியின் அக்கரை வரைக்கும் அனுப்பியது.

தேவராஜன் கையிலிருந்த மாலை நழுவி விழுந்தது. யாரைக் கேட்பதென்று தெரியாமல் திரும்பினான். பக்கத்தில் பார்வதி நின்றுகொண்டிருந்தாள், கையில் அதே காபி ஃபிளாஸ்க்.

"மொதல்ல அந்த மைக்கை நிறுத்து தம்பி" என்றாள்.

நிறுத்தினான்.

"பட்டாளத்துல சேரச்சொல்லோ, பேருக்குப் பின்னாடி இன்னான்னு கேட்டாங்களாம், எல்லாரும் ஒண்ணு சொல்றாங்களே, நமக்கு ஒண்ணும் இல்லியேன்னு வெக்கப்பட்டுக்கினு இவரா வுட்ட பேருதான் முனைராயரு, இருபத்தெட்டு வருஷமா கர்னல் கேக்கக் கேக்க கதை கட்டிக்கினு, பொய் சொல்லிட்டோமேன்னு உள்ளுக்குள்ள புழுங்கிக்கினு இருந்த மனுசன், நெசமாவே அப்பிடி ஒரு வம்சம் கீதுன்னு நீ வந்து நின்னப்புறம்தான் நிம்மதியாத் தூங்கினாரு, அதனால இவரு மானம் போவாம, கர்னல் ஜீப்பு ஏறுற வரைக்கும் அந்த மாலையை நீயே போட்டுக்கினு முனைராயராவே நில்லு, மாப்ளே!"